ரூத் எதற்காகப் போனாள்? வேதாகமத்தில் குடும்பப் பற்று குறித்த விடைகளும் விவாதங்களும்

மோவாபிலிருந்து யூதாவுக்குப் போகும் வழியில் மூன்று விதவைகள். மாமியார் நகோமி கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவள். மருமகள்கள் ஒர்பாளும் ரூத்தும் அவரவர் தாய்வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவள் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறாள். ஒர்பாள் அழுது, முத்தமிட்டு, விடைபெறுகிறாள். ரூத் அசையவில்லை. மாமியார் போகுமிடம், தங்குமிடம், அவளுடைய மக்கள், அவளுடைய தெய்வம், கடைசியில் அவளைப் புதைக்கும் மண், எல்லாம் இனித் தனக்கும் உரியவை என்று ஆணையிடுகிறாள். ஏன் என்று நூல் சொல்வதில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப இரண்டாயிரம் ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இறைவனுக்காகப் போனாள் என்றார்கள் சிலர். செத்துப்போன கணவனின் வம்சம் அற்றுப்போகக் கூடாது என்பதற்காக என்றார்கள் சிலர். வேறு போக்கிடம் இல்லை என்றார்கள் இன்னும் சிலர். கேள்வி ரூத்தோடு முடிவதுமில்லை. வேதாகம நம்பிக்கையில் குடும்பத்துக்காகத் தன்னையே கொடுப்பது கட்டளையா, மனமுவந்த கொடையா? இறைப்பற்றும் உறவுப்பற்றும் மோதும்போது எது முந்தும்? இந்த விவாதத்தின் பெரும்பகுதி, 85 வசனங்களே உள்ள இந்தச் சிறு நூலைத் தொட்டுத்தான் நடந்திருக்கிறது. முக்கிய நிலைப்பாடுகளை வரிசைப்படுத்திப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: கொடுத்தவளைப் பற்றி மரபுகள் நிறையப் பேசின, பெற்றுக்கொண்டவர்களைப் பற்றிக் குறைவாகவே பேசின. நூலோ இருவரையும் சேர்த்தே பார்க்கிறது.

தடையும் விதிவிலக்கும்

யூத மரபுக்கு ரூத் முதலில் ஒரு சட்டச் சிக்கல். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தரின் சபைக்குள் வரலாகாது என்கிறது உபாகமம் 23-ஆம் அதிகாரம். எகிப்திலிருந்து களைத்து வந்த இஸ்ரவேலரை அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொள்ளவில்லை, பிலேயாமைக் கூலிக்கு அமர்த்திச் சபிக்கச் சொன்னார்கள் என்று காரணமும் காட்டுகிறது. ஆனால் மோவாபியப் பெண்ணான ரூத்தோ தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி. தடை உண்மையானால் தாவீதின் வம்சமே கேள்விக்குள்ளாகும்.

ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதற்கு ஒரு தீர்வு கண்டது: தடை மோவாபிய ஆண்களுக்கு மட்டுமே, பெண்களுக்கு இல்லை. அப்பமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வழிக்கு வந்து நிற்பது பெண்களின் வழக்கமில்லை, ஆகவே அந்தக் குற்றம் அவர்களைச் சேராது என்று தல்மூத் இதற்கு விளக்கம் சொல்கிறது. இப்படிக் கதவு திறந்தபின், ரூத்தின் ஆணையை மதம் மாறுகிறவளின் வாக்குமூலமாக வாசிப்பது இயல்பாயிற்று. ரூத் நூலின் அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் அந்த வசனங்களைக் கேள்வி பதிலாகவே பிரித்துவிடுகிறது. ஓய்வுநாளில் இரண்டாயிரம் முழத்துக்கு மேல் நடக்கலாகாது என்கிறாள் நகோமி. நீ போகுமிடத்துக்கே நானும் போவேன் என்கிறாள் ரூத். பிற இனத்தாரோடு தங்கலாகாது, 613 கட்டளைகளைக் கைக்கொள்ள வேண்டும், விக்கிரக வணக்கம் ஆகாது என்று மாமியார் ஒவ்வொன்றாக அடுக்க, மருமகள் ஒவ்வொன்றுக்கும் உடன்படுகிறாள். சீனாய் மலையில் திருச்சட்டம் பெற்றதை நினைவுகூரும் ஷாவுவோத் திருநாளில் இந்த நூலை வாசிக்கும் வழக்கத்துக்கும் இதே காரணம் சொல்லப்படுவதுண்டு.

இந்த வாசிப்பின் பலவீனம் மூலத்திலேயே தெரிகிறது. ரூத்தின் ஆணையில் ஒவ்வொரு வாக்கியமும் நகோமியை முன்னிட்டே வருகிறது; தெய்வத்தின் பேச்சு நான்காவது இடத்தில்தான். இறைவன்மேல் கொண்ட நம்பிக்கை அவளை நகோமியிடம் சேர்த்ததா, நகோமி மேல் கொண்ட பற்று அவளை இறைவனிடம் சேர்த்ததா என்பதற்கு இந்த வரிசை இரண்டாவது விடையைத்தான் சற்று ஆதரிக்கிறது. பெத்லகேமுக்கு வந்தபிறகும் நூல் அவளை மோவாபியப் பெண் என்றே விடாமல் அழைக்கிறது.

அதே மரபுக்குள்ளிருந்து வேறொரு குரலும் எழுந்தது. ரூத் ரப்பா என்னும் மித்ராஷில் ரபி ஸெய்ராவின் கருத்து ஒன்று பதிவாகியிருக்கிறது: தீட்டு, சுத்தம், விலக்கு, அனுமதி என்று சட்டம் எதுவும் இந்த நூலில் இல்லை, தயை செய்வோருக்கு எவ்வளவு நற்பலன் கிடைக்கும் என்று காட்டவே இது எழுதப்பட்டது. சமயச் சடங்கிலிருந்து மனிதச் செயலுக்குக் கவனத்தைத் திருப்பிய இந்தப் பார்வையே பின்னாளைய ஆய்வுகளுக்கு நெருக்கமாக நிற்கிறது.

மரபு ஒர்பாளை நடத்திய விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. ரபிகளின் கதைகள் அவளைக் கோலியாத்தின் மூதாய் ஆக்கின. மூலத்தில் இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இறந்தவர்களுக்கும் தனக்கும் இரு மருமகள்களும் தயை செய்தார்கள், கர்த்தரும் அவர்களுக்கு அப்படியே செய்யட்டும் என்றுதான் நகோமி வாழ்த்துகிறாள். அந்த வாழ்த்தில் ஒர்பாளுக்கும் சம பங்கு உண்டு. திரும்பிப் போனதற்காக அவளைக் கதாசிரியர் ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை. ஒருத்தியைப் புகழ இன்னொருத்தியை இழிவுபடுத்தியது அநியாயம் என்றே கருதுகிறேன்.

இயேசுவின் கடுஞ்சொல்லும் ஜெரோமின் கடிதங்களும்

கிறிஸ்தவ மரபில் கேள்வி கூர்மையாகிறது. சுவிசேஷங்களிலேயே இரண்டு குரல்கள் கேட்கின்றன. தாய் தகப்பனுக்குத் தர வேண்டியதை "கொர்பான்" என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டுக் கைகழுவுகிறவர்களை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டிக்கிறார். யோவான் சுவிசேஷத்தில் சிலுவையில் தொங்கும்போதும் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைக்கிறார். ஆனால் லூக்கா 14-இல், தகப்பனையும் தாயையும் மனைவி மக்களையும் வெறுக்காதவன் தமக்குச் சீடனாக முடியாது என்கிறார். தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்றவனுக்கு அதற்குக்கூட இடம் தரவில்லை.

தொடக்கச் சபை இந்த இரண்டாம் குரலை ஏட்டளவில் விட்டுவிடவில்லை. 203-இல் கார்த்தேஜில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட பெர்பேத்துவா கைக்குழந்தைக்காரி. நரைத்த தலையோடு சிறைக்கு வந்து, தனக்காகவும் பிள்ளைக்காகவும் மனம் மாறும்படி கெஞ்சிய தகப்பனைப் பற்றி அவள் எழுதிய குறிப்பு இன்றும் கிடைக்கிறது. அவரைப் பார்த்து அவள் வருந்தினாள்; இணங்கவில்லை.

இந்த இழுபறியை நெருக்கமாகப் பார்க்க, நான்காம் நூற்றாண்டுத் துறவியும் வேதாகம அறிஞருமான ஜெரோம் நல்ல சான்று. வீட்டுக்குத் திரும்பிவிட்ட நண்பர் ஹெலியோதோருவுக்கு எழுதிய கடிதத்தில், தகப்பன் வாசற்படியில் குறுக்கே படுத்துத் தடுத்தாலும் மிதித்துக் கடந்து வா என்று துறவுக்கு அழைக்கிறார். 384-இல், மகள் பிளெசில்லாவை இழந்த ரோமாபுரி விதவை பவுலாவுக்கு எழுதும்போதோ ரூத்தை நினைவூட்டுகிறார்: ஆதரவற்ற ஒருத்திக்குத் துணைநின்றது எத்தனை பெரிய புண்ணியம், கிறிஸ்து அவளுடைய சந்ததியில் அல்லவா பிறந்தார் என்கிறார். அடுத்த ஆண்டே அந்தப் பவுலா ரோமாபுரியை விட்டுக் கப்பலேறினாள். கரையில் நின்று அவளுடைய சிறு மகன் தொக்சோத்தியு கைநீட்டிக் கெஞ்சியதையும், மகள் ரூபினா தன் திருமணம் வரையாவது பொறுக்கும்படி கண்ணீர் விட்டதையும் ஜெரோம் பிற்பாடு அவளுடைய நினைவஞ்சலியில் விவரிக்கிறார். பிள்ளைகள்மேல் வைத்த பாசத்தை இறைப்பற்றால் வென்றாள் என்று போற்றவும் செய்கிறார். அவள் போய்ச் சேர்ந்து மடங்கள் கட்டிய ஊர் பெத்லகேம், ரூத் மாமியாரோடு வந்து சேர்ந்த அதே ஊர். உறவைப் பிடித்துக்கொண்ட ஒருத்தியையும் உறவை விட்டுவந்த ஒருத்தியையும் ஒரே பேனா புகழ்ந்தது. ஜெரோமுக்கு அது முரணாகத் தோன்றியதாகத் தெரியவில்லை. கரையில் நின்ற பிள்ளையின் பக்கம் யார் பேசுவது என்ற கேள்வியை அந்த நூற்றாண்டு எழுப்பிய மாதிரியும் தெரியவில்லை.

சீர்திருத்தக் காலம் தராசை மறுபக்கம் சாய்த்தது. 1525-இல் தானே மணம் முடித்த மார்ட்டின் லூத்தர், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, குழந்தையின் அழுக்குத் துணியை அலசும் தகப்பனைப் பார்த்து தேவன் தம் தூதர்களோடு மகிழ்கிறார் என்ற பொருளில் எழுதியிருந்தார். மடத்தில் தேடிய பரிசுத்தம் அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் வந்தது. ஆனால் பரிசுத்தம் வீட்டுக்குள் வந்ததோடு, வீட்டின் அதிகாரங்களும் பரிசுத்தமாகிவிடும் ஆபத்தும் கூடவே வந்தது.

இரு தரப்பும் ரூத்தைத் தம் பக்கம் இழுக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. தாயையும் தகப்பனையும் பிறந்த நாட்டையும் விட்டு வந்தாயே என்று, பின்னர் அவளை மணக்கும் பெத்லகேம் உறவினன் போவாஸ் அவளிடம் சொல்கிறான். ஆபிரகாமின் அழைப்பை நினைவூட்டும் சொற்கள் இவை. ஒரு குடும்பத்துக்கு உண்மையாயிருக்க அவள் இன்னொரு குடும்பத்தை விட்டாள். மோவாபில் இருந்த அவளுடைய தாய் இந்த முடிவை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது எந்த மரபின் கவனத்திலும் அதிகம் விழவில்லை.

கடமையா, கொடையா?

நவீன ஆய்வு கேள்வியை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. ரூத் நூலில் மூன்று முறை வரும் "ஹெசெத்" என்னும் எபிரெயச் சொல்லைத் தமிழ் வேதாகம வாசகர்கள் "தயை" என்று அறிவார்கள். 1927-இல் வெளியான ஆய்வில் நெல்சன் குளுக், அது மனம் இளகிச் செய்யும் இரக்கம் ஆகாது, உறவால் கட்டுண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆற்ற வேண்டிய கடமை என்று வாதிட்டார். உறவு இருந்தால் உரிமை உண்டு, உரிமை இருந்தால் கடமை உண்டு என்பது அவர் தர்க்கம். 1978-இல் காத்தரின் சேக்கன்ஃபெல்ட் இதைத் திருத்தினார். வேறு துணையற்ற ஒருவருக்கு, உதவக்கூடிய நிலையில் இருப்பவர் செய்வது அது. உறவு அதற்குப் பின்னணி, ஆனால் செய்யாமல் விட்டாலும் எந்தச் சட்டமும் அவரைப் பிடிக்காது.

ரூத் நூலை உரைகல்லாக வைத்தால் குளுக்கின் வாதம் தடுமாறுகிறது. கணவன் இறந்து பிள்ளையும் இல்லாத மருமகளுக்கு மாமியாரோடு நாடு பெயர வேண்டிய கடமை எந்தச் சட்டத்திலும் இல்லை. நகோமியே விடுதலை கொடுத்துவிட்டாள். போவாஸுக்கும் இதே நிலைதான். உபாகமம் 25 சொல்லும் மைத்துனக் கடமை ஒன்றாய்க் குடியிருக்கும் சகோதரருக்குரியது. அவனோ தூரத்து உறவு. லேவியராகமம் 25 சொல்லும் நில மீட்பில் விதவையை மணக்கும் பேச்சே இல்லை. இரண்டும் எப்படி ஒரே பேரமாக நகர வாசலில் சேர்ந்தன என்பது சட்ட வரலாற்றாளருக்கு இன்னும் முழுதாக விளங்காத முடிச்சு.

அந்த வாசலில் பெயர் சொல்லப்படாத ஒரு சுதந்தரவாளி வருகிறான். போவாஸைவிட நெருங்கிய உறவினன். நிலம் என்றதும் சம்மதிக்கிறான். கூடவே ரூத் என்றதும், தன் சொந்தச் சுதந்தரம் கெட்டுப்போகும் என்று பின்வாங்கி, செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். உபாகமம் 25 சொல்வதுபோல் அவன் முகத்தில் யாரும் துப்பவில்லை, பழிக்கவும் இல்லை. அவன் சட்டப்படி நடந்தவன். ஒர்பாளும் அப்படித்தான், சொன்ன சொல் கேட்டவள். வரம்புக்குள் நின்ற இந்த இருவரும் கதையில் குற்றவாளிகள் ஆகவில்லை. கடமையின் எல்லையைத் தாண்டுவதே ரூத்தும் போவாஸும் செய்தது என்று காட்டவே இந்த இருவரும் வைக்கப்பட்டிருக்கலாம். சேக்கன்ஃபெல்ட்டின் பக்கம் தராசு சாய்கிறது என்றாலும், "உதவக்கூடிய நிலையில் இருப்பவர்" என்ற அவருடைய வரையறைக்குள் அந்நிய நாட்டு ஏழை விதவையான ரூத்தைப் பொருத்துவது எளிதாக இல்லை.

இந்த நூல் எப்போது எழுந்தது என்பதையும் இங்கே தொட வேண்டும். பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் எஸ்றாவும் நெகேமியாவும் அந்நிய மனைவியரை எதிர்த்த காலத்தில், அதற்கு மறுப்பாக எழுதப்பட்டது என்பது பரவலான கருத்து. நெகேமியா 13-இல் மோவாபியப் பெண்கள் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறார்கள். ஆனால் நூலின் தொனியில் வாதாடும் வேகம் இல்லை. எட்வர்ட் காம்ப்பெல் 1975-இல் எழுதிய விரிவுரையில் ராஜாக்களின் காலத்துக்கே இதைக் கொண்டுபோனார். மொழிச் சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன.

சந்தேகத்தோடு வாசிப்பவர்கள்

1970-களிலிருந்து பெண்ணிய ஆய்வாளர்கள் நூலைப் புதிதாகத் திறந்தார்கள். ஃபிலிஸ் டிரிபிள் 1978-இல், ரூத்தின் துணிச்சல் ஆபிரகாமுடையதைவிடப் பெரிது என்றார். ஆபிரகாமுக்கு அழைப்பு இருந்தது, வாக்குத்தத்தம் இருந்தது; ரூத்துக்கு இரண்டும் இல்லை, அழைக்க வேண்டியவளே வராதே என்றாள். டானா ஃப்யூவெலும் டேவிட் கன்னும் 1990-இல் கண்ணை நகோமி பக்கம் திருப்பினார்கள். ரூத் ஆணையிட்டதும் நகோமி பேச்சை நிறுத்திவிடுகிறாள். பெத்லகேமில் ஊர்ப்பெண்கள் சூழ்ந்துகொண்டபோது, நிறைவாய்ப் போனேன், வெறுமையாய்த் திரும்பினேன் என்கிறாள். பக்கத்தில் நிற்கும் ரூத்தை ஒரு வார்த்தையில்கூடக் குறிப்பிடவில்லை. மோவாபிய மருமகள் அவளுக்கு அவமானமாக இருந்திருக்கலாமோ என்று அவர்கள் கேட்டார்கள்.

இன்னும் கடுமையான விமரிசனம் வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்கப் பூர்வகுடி மரபைச் சேர்ந்த லாரா டொனால்ட்சன் 1999-இல், ரூத் தன் இனத்தையும் தெய்வத்தையும் கைவிட்டவள், தாய்வீட்டுக்குத் திரும்பிய ஒர்பாளே தம் மக்களுக்கு நம்பிக்கையின் அடையாளம் என்றார். தம் மொழியையும் வழிபாட்டையும் விடும்படி நெருக்கப்பட்ட சமூகங்கள் ரூத்தின் ஆணையை வேறு செவியால் கேட்பதில் வியப்பில்லை. அரசியல் சிந்தனையாளர் போனி ஹோனிக் 1997-இல், ஏற்கும் நாடு மெச்சும் "நல்ல குடியேறி"யாக ரூத் ஆக்கப்படுவதை ஆராய்ந்தார்.

தமிழ் வாசகருக்கும் இது அயல் விவாதம் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1719-இல் இறந்தபோது, பழைய ஏற்பாட்டில் அவர் தமிழாக்கி முடித்திருந்தது ரூத் வரைதான். அன்றிலிருந்து அவள் நம்மிடையே இருக்கிறாள். மருமகளுக்குச் சொல்லும் புத்திமதியில் அவள் பெயர் அடிபடுவதும் புதிதில்லை: மாமியாரிடம் ரூத்தைப் போல் இரு. அந்தப் புத்திமதி நூலைத் தலைகீழாக்கிவிடுகிறது என்பது என் கருத்து. யாரும் கேட்காததை ரூத் கொடுத்தாள். கேட்டு வாங்குவதற்கு அவளை முன்மாதிரி காட்டினால், அவள் செய்ததன் சாரமே போய்விடும்.

சந்தேக வாசிப்புக்கும் எல்லை உண்டு. நகோமியின் மௌனத்தோடு அது நின்றுவிடுகிறது, கதையோ நிற்கவில்லை. வயலில் போவாஸ் கொடுத்த வறுத்த கதிரை ரூத் உண்டு, மிச்சத்தை எடுத்து வைக்கிறாள். சாயங்காலம் வரை பொறுக்கி, தட்டிப் புடைத்த ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறாள். எடுத்து வைத்த மிச்சத்தையும் மாமியாருக்குக் கொடுக்கிறாள். அன்று மாலைதான் நகோமியின் பேச்சு மாறுகிறது. கர்த்தரின் தயை இன்னும் விட்டுப்போகவில்லை என்கிறாள். "நம்" உறவினன் என்று ரூத்தையும் சேர்த்துப் பேசுகிறாள். பிறகு, உனக்கு ஒரு நிலையான வாழ்வைத் தேட வேண்டாமா மகளே என்று கேட்பவளும் அவளே. போவாஸ் படுத்திருந்த களத்துக்கு ரூத்தை இரவில் அனுப்பிய அவளுடைய திட்டம் ஆபத்தானது என்பது உண்மைதான். ஆனால் அதற்குமுன் ரூத்தின் எதிர்காலத்தைப் பற்றி அவள் கவலைப்பட்டாள் என்பதும் உண்மை.

இன்னும் தீராதவை

சில கேள்விகள் ஓரளவு தெளிந்திருக்கின்றன. ரூத் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வரவில்லை என்பதில் இன்று பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. அவளுடைய இறைப்பற்றையும் உறவுப்பற்றையும் பிரித்தெடுக்க முடியாது என்பதும் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது.

தீராதவை அதிகம். நான்காம் அதிகாரத்தில் ரூத் பேசுவதே இல்லை. குழந்தை பிறந்ததும், நகோமிக்கு ஒரு மகன் பிறந்தான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வாழ்த்துகிறார்கள், பெயரும் அவர்களே வைக்கிறார்கள். இதைப் பெற்றவளை ஓரங்கட்டும் ஆணாதிக்க முடிவாக வாசிப்பவர்கள் உண்டு. தன் பிள்ளையையே மாமியாரின் மடியில் கொடுத்த இறுதிக் கொடையாக வாசிப்பவர்களும் உண்டு. அதே பெண்கள்தான், உன்மேல் அன்புகொண்ட மருமகள் ஏழு மகன்களிலும் மேலானவள் என்று நகோமியிடம் சொல்கிறார்கள். நூல் முழுக்க "அன்பு" என்ற வினை வருவது இந்த ஓரிடத்தில்தான். இரு வாசிப்புகளுக்கும் மூலம் இடம் தருகிறது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க எனக்குத் துணிவில்லை.

இன்னொரு கேள்வி நடைமுறை சார்ந்தது. தனித்த அன்பு மட்டும் நகோமியைக் காப்பாற்றவில்லை. அறுப்பில் சிந்தியதை ஏழைக்கும் அந்நியருக்கும் விட வேண்டும் என்ற சட்டம் இருந்ததால்தான் ரூத்துக்குப் பொறுக்கக் கதிர் கிடைத்தது. நகர வாசலில் மூப்பர்கள் சாட்சி நின்றதால்தான் நிலமும் மணமும் உறுதியாயின. முதலாம் தீமோத்தேயு 5-ஆம் அதிகாரமும் இதே பங்கீட்டோடு மல்லுக்கட்டுகிறது: விதவைக்குப் பிள்ளைகளோ பேரர்களோ இருந்தால் அவர்கள் தாங்கட்டும், சபையின்மேல் பாரம் வைக்க வேண்டாம், யாருமே இல்லாதவளைச் சபை தாங்கட்டும். சொந்த வீட்டாரைப் பராமரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது அதே அதிகாரம். குடும்பத்தின் பங்கு எங்கே முடிகிறது, ஊரின் பங்கு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அந்த நிருபம் வயதுவரம்பு, நன்னடத்தை என்று சில அளவுகோல்களைத் தருகிறது. தாங்குகிற மருமகளே தளர்ந்துபோனால் அவளைத் தாங்குவது யார் என்பதற்கு அந்த அளவுகோல்களில் விடை இல்லை. ரூத் பற்றிய ஆய்வுகளிலும் அந்தக் கேள்வி இப்போதுதான் எழத் தொடங்கியிருக்கிறது.